சட்டைக்குத் தடை இருந்த மண்ணில் பிறந்த படைவீரர்: இம்மானுவேல் சேகரனுக்கு நாம் பட்ட கடன்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 11 அன்று, மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலை பரமக்குடியை நோக்கி நகரும் மக்களால் நிறைகிறது. வைகைக் கரையில் அமைந்த அந்த ஊரில் இம்மானுவேல் சேகரனின் நினைவிடம் உள்ளது. முளைப்பாரி சுமந்து வரும் பெண்கள், வேன்களில் வரும் இளைஞர்கள், கட்சித் தலைவர்கள் என அந்நாள் முழுவதும் அஞ்சலி தொடர்கிறது. மக்கள் அவரைத் தியாகி என்கிறார்கள். சமூகத் தலைவர் என்கிறார்கள். அவர் இந்திய இராணுவத்தின் சீருடை அணிந்த ஹவில்தார் என்பது மட்டும் பெரும்பாலும் ஒரு வரிச் செய்தியாகக் கடந்துபோகிறது. அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கினால்தான் அவருடைய வாழ்வின் பொருளும், அவருக்கு நாம் பட்டிருக்கும் கடனின் அளவும் விளங்கும்.

பிறந்த மண்

இம்மானுவேல் சேகரன் 1924 அக்டோபர் 9 அன்று, அன்றைய இராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர் வட்டத்துச் செல்லூரில் பிறந்தார். தந்தை வேதநாயகம் பள்ளி ஆசிரியர், தாய் ஞானசௌந்தரி. மதுரைக்குத் தென்கிழக்கே விரியும் இச்சமவெளி வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் பஞ்சம் என்பதே அதன் கணக்கு. கண்மாயின் மடையைத் திறப்பவர், வயலில் இறங்கி உழைப்பவர், விளைச்சலை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் ஆகிய மூவரும் ஒருவராக இருந்ததில்லை. மடையிலும் வயலிலும் உழைத்த தேவேந்திரகுல மக்களின் கைக்கு எஞ்சியது கூலி மட்டுமே.

அவருக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்த 1930 டிசம்பரில், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்கள்மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை அறிவித்தனர். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் எதுவும் கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. குழந்தைகள் எழுதப் படிக்கக் கூடாது, சொந்தமாக நிலம் வைத்திருக்கக் கூடாது என்பவையும் அவற்றில் சேர்ந்தன. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இவற்றை எழுத்தில் பதிவு செய்திருக்கிறார். படிக்கக் கூடாது என்று தடை விதிக்கப்பட்ட மக்களுக்கு நடுவில், ஓர் ஆசிரியரின் வீட்டில் அச்சிறுவன் வளர்ந்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். அக்குடும்பம் கிறித்தவத்தைத் தழுவியிருந்தது. எனினும் மதம் மாறியவர்களைச் சாதி விட்டுவிடவில்லை என்பதை அம்மாவட்டத்தின் எந்தச் சேரியும் சொல்லும்.

சிறையும் சீருடையும்

1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்தபோது இராமநாதபுரம் மாவட்டம் தமிழகத்திலேயே மிகக் கடுமையாகக் கொந்தளித்த பகுதிகளுள் ஒன்றாக இருந்தது. தேவகோட்டையில் நீதிமன்றம் தீக்கிரையானது. திருவாடானையில் மக்கள் சிறையை உடைத்துக் கைதிகளை மீட்டனர். அந்தப் போராட்டக் காலத்தில் இம்மானுவேல் சேகரனும் கைதாகிச் சிறை சென்றார். வயது பதினெட்டு. நாட்டின் விடுதலைக்குச் சிறை புகுந்த இளைஞனுக்கு ஊரின் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை கிடையாது என்பதுதான் அன்றைய நிலை.

1945 இல் அவர் இராணுவத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டு அது. அந்தச் சேர்க்கைக்குப் பின்னால் ஒரு நெடிய வரலாறு இருக்கிறது. ஆங்கிலேயக் கம்பெனியின் சென்னைப் படையில் பறையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருமளவில் பணியாற்றினர். 1780 இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு, பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகிய பணிகளில் அவர்களுடைய உழைப்பின்மீதே பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போர்க்குணம் சில இனங்களுக்கே உரியது என்ற கொள்கையை ஆங்கிலேயர் கைக்கொண்டனர். தென்னிந்தியப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. மகாராட்டிரத்தில் மகர்களுக்குப் படையின் கதவு அடைபட்டது. சுபேதாராக இருந்த இராம்ஜி சக்பாலின் மகன் அம்பேத்கர், அந்தக் கதவை மீண்டும் திறக்க வேண்டும் என்று தம் பொதுவாழ்வு நெடுகிலும் வாதாடினார்.

இரண்டாம் உலகப் போரின் தேவைதான் கதவைத் திறந்தது. 1941 இல் மகர் படைப்பிரிவும், 1943 இல் சமார் படைப்பிரிவும் உருவாயின. இருபத்தைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அப்போரில் படையில் இருந்தனர். வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் பாசிசப் படைகளின் பிடியிலிருந்து ஊர்களை மீட்டவர்களில் அவர்கள் இருந்தனர். 1944 இல் கோகிமாவில் சப்பானியப் படையைத் தடுத்து நிறுத்திய போரில் சமார் படைப்பிரிவும் பங்கேற்றது. போர் முடிந்த மறு ஆண்டே அப்படைப்பிரிவு கலைக்கப்பட்டது. யாங்கோனுக்கு அருகே உள்ள போர் நினைவகத்தின் தூண்களில் கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அத்தூண்களின் அருகே எவரும் சாதி பார்த்து மலர் வைப்பதில்லை. அந்த வீரர்களின் சொந்த ஊர்களில்தான் சுடுகாடுகள் இன்றும் தனித்தனியாக இருக்கின்றன.

இந்தப் பின்னணியில் பார்த்தால், இம்மானுவேல் சேகரன் அணிந்த சீருடை வெறும் வேலைக்கான உடை ஆகாது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சட்டையும் செருப்பும் கூடாது என்று சொல்லப்பட்ட மாவட்டத்தின் மகன், சட்டையும் பூட்சும் அணிந்து நிமிர்ந்து நின்றார். தடைப்பட்டியலின் ஒவ்வொரு வரியையும் இராணுவத்தின் அன்றாட ஒழுங்கு அழித்தது. முடி கத்தரித்தாக வேண்டும். உடல் மறைய உடுத்தியாக வேண்டும். வரிசையில் நின்று ஒரே பாத்திரத்தில் சமைத்ததை உண்டாக வேண்டும். பதவியில் மூத்தவருக்கு வணக்கம் வைப்பதே அங்கு விதி. பிறப்பில் மூத்தவர் என்று எவருக்கும் வணக்கம் இல்லை. இராணுவத்திலும் சாதி உண்டு, மேல்கீழ் உண்டு. ஆனாலும் மனிதர் சமமாக உட்கார முடியும் என்பதைக் கண்ணால் கண்டு திரும்பியவரைப் பழைய இடத்தில் நிற்கவைப்பது எளிதன்று.

விட்டுவந்தவர்

1946 மே 17 அன்று ஆசிரியையான அமிர்தம் கிரேசை அவர் மணந்தார். நான்கு பெண் குழந்தைகள் பிறந்தனர். மாதச் சம்பளம், பதவி உயர்வு, ஓய்வூதியம் என்று அமைதியாக வாழ்ந்து முடிக்கக்கூடிய வழி அவர் முன் திறந்திருந்தது. ஒடுக்கப்பட்ட குடும்பம் ஒன்றுக்கு அரசுப் பணி என்பது எத்தனை தலைமுறைக் கனவு என்பதை விளக்கத் தேவையில்லை. 1950களின் தொடக்கத்தில் அவர் அந்தப் பணியை விட்டுச் சொந்த மண்ணுக்குத் திரும்பினார். போர்க்களத்தில் உயிரைக் கொடுப்பது ஒரு தியாகம். பாதுகாப்பான வாழ்வைக் கையிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத் தம் மக்களின் அச்சத்துக்குள் திரும்பி வருவது வேறொரு தியாகம். முன்னதற்கு அரசிடம் பதக்கம் உண்டு. பின்னதற்கு எந்தப் பதக்கமும் இல்லை.

அவர் திரும்பியபோது நாட்டில் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்ததாக அறிவித்தது. 1955 இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் வந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 சூலை 8 அன்று கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்டோர் வைத்தியநாத அய்யருடன் நுழைந்து ஆண்டுகள் பல கடந்திருந்தன. நகரத்தில் கோபுர வாசல் திறந்தது; ஐம்பது கல் தொலைவில் தேநீர்க் கடையின் குவளை இரண்டாகவே இருந்தது.

அவர் அந்தக் குவளையில் கைவைத்தார். காங்கிரஸ் கட்சியில் இருந்துகொண்டே, ஒடுக்கப்பட்ட இளைஞர்களுக்கெனத் தனி அமைப்பைக் கட்டினார். இரட்டைக் குவளை முறைக்கு எதிராக மக்களைத் திரட்டினார். ஊர் ஊராகச் சென்று, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள், தாக்கினால் ஓடாதீர்கள், வாக்குச்சீட்டை உங்கள் விருப்பப்படி பயன்படுத்துங்கள் என்பதையே திரும்பத் திரும்பக் கற்பித்தார். படையில் பயின்ற ஒழுங்கும் துணிவும் இப்போது சேரிக்குப் பயன்பட்டன. அமைப்புக்கு அவர் தம் சாதியின் பெயரைச் சூட்டவில்லை. ஒடுக்கப்பட்டோர் என்ற பொதுச்சொல்லின் கீழ் எல்லாரையும் நிற்கவைக்க முயன்றார்.

1957

அனைவருக்கும் வாக்குரிமை என்ற ஏற்பாடு, பழைய அதிகாரத்தை வேரிலேயே அசைத்தது. கூலிக்காகக் கைகட்டி நின்றவரின் வாக்கும், நிலத்துக்கு உரியவரின் வாக்கும் ஒன்றே என்றாயிற்று. 1957 பொதுத்தேர்தலில் பார்வர்டு பிளாக் தலைவர் உ. முத்துராமலிங்கத் தேவர் நாடாளுமன்றத்துக்கும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாடாளுமன்ற இடத்தை அவர் வைத்துக்கொண்டதால் சூலை 1 அன்று முதுகுளத்தூரில் இடைத்தேர்தல் நடந்தது. பார்வர்டு பிளாக் வேட்பாளர் சசிவர்ணத் தேவர் வென்றார். தேவேந்திரகுல மக்களில் பலர் காங்கிரசுக்கு வாக்களித்தனர் என்பது வன்முறைக்குக் காரணமாயிற்று. ஊர்கள் மோதின, வீடுகள் எரிந்தன, இரு தரப்பிலும் உயிர்கள் போயின.

அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் மதுரை நகரில் இருந்தது. எரியும் சிற்றூர்களுக்கும் கோப்புகளுக்கும் இடையே அத்தனை தூரம். செப்டம்பர் 10 அன்று ஆட்சியர் பணிக்கர் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் கூட்டினார். முத்துராமலிங்கத் தேவர் வந்தார். தேவேந்திரகுல மக்களின் சார்பில் இம்மானுவேல் சேகரன் வந்தார். தலைவர்கள் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிடலாம் என்ற யோசனை எழுந்தபோது, இம்மானுவேல் சேகரனைத் தமக்கு இணையான தலைவராகத் தேவர் ஏற்கவில்லை என்பது பின்னர் அரசுத் தரப்பு முன்வைத்த செய்தி. அக்கூட்டத்தில் அவர் எவருக்காகவும் எழுந்து நிற்கவில்லை, நாற்காலியில் சமமாக அமர்ந்திருந்தார் என்பது மக்கள் நினைவில் தலைமுறைகளாக வாழும் செய்தி. இரண்டும் சொல்வது ஒன்றுதான். அந்த அறையில் வழக்காக நின்றது ஒரு நாற்காலி.

மறுநாள் செப்டம்பர் 11. பாரதி நினைவு நாள் கூட்டம் ஒன்றில் பேசிவிட்டுத் திரும்பிய அவர், இரவில் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். முப்பத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு இருபத்தெட்டு நாள்கள் எஞ்சியிருந்தன.

அதன்பின் கலவரம் பெருந்தீயாயிற்று. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் காவல்துறை சுட்டதில் மறவர் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் இறந்தனர். முத்துராமலிங்கத் தேவர் அம்மாத இறுதியில் தடுப்புக்காவல் சட்டத்தில் கைதானார். கொலை வழக்கிலும் குற்றஞ்சாட்டப்பட்டார். 1959 சனவரியில் சிறப்பு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வரலாற்றை எழுதும்போது இவை எதையும் மறைக்கத் தேவையில்லை. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கொடுமையைச் சுமந்த சமூகங்களும், தீண்டாமையின் கொடுமையைச் சுமந்த சமூகமும் ஒரே வறண்ட மண்ணில் வாழ்ந்தன. அவை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டதில் ஆதாயம் அடைந்தவர்கள் வேறு இடங்களில் இருந்தனர். எனினும் இரு துயரங்களும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஒருவர் கேட்டது தம் பழைய மேலாண்மையை. மற்றவர் கேட்டது சம இருக்கையை.

நினைவைச் சுமந்தவர்கள்

பல பத்தாண்டுகள் இம்மானுவேல் சேகரனின் பெயரைப் பாடநூலோ அரசு விழாவோ சுமக்கவில்லை. மக்களே சுமந்தனர். இதற்கு இந்திய வரலாற்றில் முன்மாதிரி உண்டு. 1818 சனவரி 1 அன்று பீமா கோரேகானில் போரிட்ட மகர் வீரர்களின் பெயர்கள் ஒரு தூணில் இருந்தன; 1927 இல் அம்பேத்கர் அங்குச் சென்று நின்ற பிறகு அத்தூண் ஒடுக்கப்பட்டோரின் நினைவுச்சின்னமாயிற்று. தம் வீரர்களைத் தாமே நினைக்காவிட்டால் வேறு எவரும் நினைக்கமாட்டார்கள் என்பதை அனுபவத்தால் அறிந்த மக்களின் செயல் அது. பரமக்குடிக்கு வரும் மக்கள் செய்வதும் அதுவே.

2010 இல் இந்திய அஞ்சல்துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. மறு ஆண்டு செப்டம்பர் 11 அன்று, அவருக்கு அஞ்சலி செலுத்தத் திரண்ட மக்கள்மீது பரமக்குடி ஐந்துமுனைச் சந்திப்பில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஆறு தலித்துகள் உயிரிழந்தனர். நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் எதிர்பார்த்த நீதி வரவில்லை. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பரமக்குடியில் 3 கோடி ரூபாயில் மணிமண்டபமும் சிலையும் அமைக்கப்படும் என்று அறிவித்தது. அது வரவேற்கத்தக்கது, நெடுநாள் கோரிக்கை. ஆனால் ஒருபுறம் மண்டபமும் மறுபுறம் ஒவ்வோர் ஆண்டும் தடையுத்தரவும் வாகனக் கட்டுப்பாடும் என்றால், அரசு அந்தப் படைவீரருக்கு மரியாதை செய்கிறது, அவருக்கு மரியாதை செய்ய வரும் மக்களை மட்டும் ஐயத்துடன் நடத்துகிறது என்றே பொருள்.

நன்றியின் பொருள்

நாடு தன் படைவீரர்களை நினைக்கும்போது, அவர்கள் யாருடைய விடுதலைக்காக நின்றார்கள் என்று கேட்க வேண்டும். எல்லையில் நின்ற வீரருக்கு மலர்வளையம் வைப்பது எளிது. அந்த வீரர் ஊர் திரும்பித் தேநீர்க் கடைப் பலகையில் உட்காரும்போது எழுந்து போகாமல் இருப்பதே கடினம். வெளிநாட்டு நகரங்களை விடுவித்த படைகளில் இருந்த தலித் வீரர்களுக்குச் சொந்தத் தெரு விடுபடவில்லை. அந்த விடுதலைக்கான படையை இம்மானுவேல் சேகரன் ஆயுதம் இல்லாமல் திரட்டினார். இந்நாடு பட்ட கடனில் பெரும்பகுதி இங்குதான் இருக்கிறது.

அவருக்கான நன்றியை அளக்க வேண்டிய இடம் நினைவிடத்தின் வரிசை நீளம் ஆகாது. அளவுகோல் அந்த நாற்காலிதான். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997 சூன் 30 அன்று, மேலூரை அடுத்த மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்த ஐவரும், மதுரையிலிருந்து திரும்பிய பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டனர். அதற்கும் காரணம் ஒரு நாற்காலியே. அவ்வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 இல் அரசே முன்கூட்டி விடுவித்தது. உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட 1996 முதல் 2006 வரை முறையான தேர்தலே நடக்கவிடப்படவில்லை. இன்றும் தலித் ஊராட்சித் தலைவர் தரையில் அமர வைக்கப்பட்டார், கொடியேற்ற விடப்படவில்லை என்ற செய்திகள் தமிழகத்தில் வந்துகொண்டே இருக்கின்றன.

நம் தரப்பிலும் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. இம்மானுவேல் சேகரனை ஒரு சாதியின் பெருமைச் சின்னமாக மட்டும் சுருக்கும் முயற்சிகள் பெருகியுள்ளன. பதாகைகளில் அவர் மன்னர்களோடு நிறுத்தப்படுகிறார். ஒடுக்கப்பட்டோர் என்ற சொல்லே இழிவு என்று சிலர் கருதுகிறார்கள். அவர் அந்தச் சொல்லுக்கு அஞ்சியவர் அல்லர். அச்சொல்லின் கீழ்தான் இளைஞர்களைச் சேர்த்தார். பறையரும் அருந்ததியரும் அவருடைய நாற்காலியில் தங்களுக்கும் பங்குண்டு என்று உணரும் வகையில் அந்நாளைக் கடைப்பிடிப்பதே அவர் கட்டிய அமைப்புக்குச் செய்யும் நியாயம். அவருடைய கல்விப் பணியை ஏற்று, முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி வட்டங்களில் படிப்பை இடையில் நிறுத்தும் ஒவ்வொரு பிள்ளையையும் மீண்டும் பள்ளியில் சேர்ப்பதும் அஞ்சலிதான்.

அரசின் கடமை இதைவிடத் தெளிவானது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் தலைவர் ஒவ்வொருவரும் தம் அலுவலகத்தில், தம் இருக்கையில், அச்சமின்றி அமர்வதை மாவட்ட நிருவாகம் உறுதிசெய்ய வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகள் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடக்கக் கூடாது. 2011 இல் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு யார் பொறுப்பு என்ற விடை கிடைக்க வேண்டும். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் அமைதிக்காக அழைக்கப்பட்டவர் அரசின் அழைப்பை நம்பி வந்தார். மறுநாள் அவரைக் காக்க அரசால் இயலவில்லை. அந்தக் கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது.